அளவாய்க் குடித்தல்: ஒரு பழைய வாதத்தின் வரலாறு

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திர காவேரி ஆற்றை ஒட்டி அமைந்த பேரூர் ஒடுகத்தூர். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை முதலிய மலையூர்களின் மக்களுக்குக் கீழ்நாட்டின் வாயில் இதுவே. வெள்ளிக்கிழமைதோறும் இங்கே ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆடு விற்ற பணத்தோடு திரும்பும் வழியில் மதுக்கடை ஒன்று குறுக்கிடுமாயின், அப்பணத்தின் ஒரு பகுதி வீடு வந்து சேராது என்பதை இப்பகுதிப் பெண்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடியை விட்டு இருபது நாளோ நாற்பது நாளோ ஆன ஒருவர், ‘அடியோடு விட்டுவிடுவதா, அளவோடு வைத்துக்கொள்வதா?’ என்று தமக்குள் கேட்கத் தொடங்கும் வேளை ஒன்று உண்டு. கை நடுக்கம் நின்றிருக்கும், பசி திரும்பியிருக்கும், மனைவியின் முகத்தில் சிறிது தெளிவும் வந்திருக்கும். நோய் போய்விட்டதாகத் தோன்றும் அந்த நாள்களில்தான் ‘கட்டிங்’ என்னும் சொல் மெல்ல உள்ளே நுழைகிறது. ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்ந்துகொள்வதற்குத் தமிழ்நாடெங்கும் வழங்கும் பெயர் அது. ‘பாதிதானே’ என்னும் ஆறுதல் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் சாராயத்தின் அளவு 42.8 விழுக்காடு. எனவே ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய சாராயம் இருக்கிறது. கட்டிங்கில் 30 கிராம். மருத்துவர்கள் பொதுவாக ஓர் அலகு என்று எண்ணுவது 10 கிராம். ‘பாதி’ என்று பெயர் பெற்றது மூன்று அலகாக முடிகிறது.

இக்கேள்வி ஒடுகத்தூரில் பிறந்ததன்று. அதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வியப்பானது யாதெனில், மதுவை எதிர்த்து எழுந்த இயக்கங்கள் முதலில் தந்த விடை ‘முழுவதும் விடு’ என்பதன்று. ‘அளவோடு குடி’ என்பதே. முழு விலக்கு என்னும் கருத்து மேடையிலிருந்து இறங்கி வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது குடித்துக் கெட்டவர்களிடமிருந்து மேலே சென்றது. அதைச் சற்று விரிவாகக் காண்போம். முதலில் நம் மாவட்டத்தின் கதை.

1937ஆம் ஆண்டு இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. மறு ஆண்டு அது சித்தூருக்கும் கடப்பைக்கும் விரிந்தது. 1939 அக்டோபர் 1 அன்று வடஆர்க்காட்டுக்கு வந்தது. ஒடுகத்தூர் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாத இறுதிக்குள் அமைச்சரவையே பதவி விலகிவிட்டது என்பது வேறு கதை. இராஜாஜிக்கு இது அரசியல் வாக்குறுதி மட்டுமன்று. திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இலேயே மதுவிலக்குக்கென்று ‘விமோசனம்’ என்னும் திங்களிதழை அவர் நடத்தினார். இளைஞரான கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். கள், சாராய வருவாயின் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி என்னும் புதுமையையும் அவ்வமைச்சரவை கொண்டுவந்தது. வரி நிலைத்தது, விலக்கு நிலைக்கவில்லை. மதுவை ஒழிப்பதற்கென்று பிறந்த அவ்வரியின் வழித்தோன்றல் இன்று மதுப் புட்டியின் மீதே விதிக்கப்பட்டு அரசின் கருவூலத்தை நிரப்புகிறது.

போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி விலக்கைக் கைவிட்டது. மக்களாட்சி திரும்பிய பின்னர் அது படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் எட்டியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981இல் திறந்தன, 1987இன் தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடுக்கப்பட்டன, 1990இல் மலிவு மது வந்தது, 1991இல் போனது, 2003 முதல் சில்லறை விற்பனையே அரசின் கையில். கதவு திறப்பதும் அடைப்பதுமாகவே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன.

இந்நெடிய வரலாற்றில் நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது. அதுதான் ‘பெர்மிட்’. மதுவிலக்கு நடந்த காலத்திலும், குடியின்றி உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் சான்று தந்தால், மாதத்திற்கு இத்தனை அளவு எனக் குறித்து அரசே அனுமதிச் சீட்டு வழங்கிற்று. விட முடியாதவனுக்கு அளந்து கொடுத்தால் அவன் அளவில் நிற்பான் என்பது அதன் உட்பொருள். சீட்டைப் பெறும் வசதி படைத்தவருக்கு அளவு. வசதியற்றவருக்குக் காட்டிலே காய்ச்சியது. வெல்லமும் வேலம்பட்டையும், இம்மலையின் நல்ல மருந்துப் பொருளாகிய கடுக்காயும் ஊறல் பானைகளுக்குள் போயின. லாரி ட்யூப்களில் அடைக்கப்பட்டு இருளில் இறங்கிய அச்சாராயத்தை நிறுத்த அணைக்கட்டு மலைகளில் காவல் துறையினர் இன்றும் ஊறலைக் கவிழ்த்தவண்ணம் இருக்கின்றனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடை மூடுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. கடை எட்டத்தில் இருந்தால் புதிதாக விட்டவருக்கு நாள் ஒன்று எளிதாகக் கழிகிறது. ஆனால் கடை மூடியிருந்த காலத்திலும் திறந்திருந்த காலத்திலும் தனி ஒருவரின் உள்ளத்தில் எழும் அந்தக் கேள்வியைச் சட்டம் தொடவே இல்லை.

அக்கேள்வியைத் தொட்டவர்களைக் காணக் கடல் கடக்க வேண்டும். 1820களில் அமெரிக்காவிலும் பின்னர் இங்கிலாந்திலும் எழுந்த மது எதிர்ப்புச் சங்கங்கள் பிராந்தி, விஸ்கி போன்ற கடும் மதுவை மட்டுமே விலக்கின. பீரும் திராட்சை மதுவும் அளவோடு ஏற்கத்தக்கவை என்றன. 1830இல் இங்கிலாந்து அரசு பீர்க்கடை உரிமத்தை எளிதாக்கவே, தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. சங்கத்துக்குத் தந்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காத்துக்கொண்டே தொழிலாளர் பீரில் மூழ்கினர். பிரெஸ்டன் என்னும் ஆலை நகரில் பாலாடைக்கட்டி வணிகரான ஜோசப் லிவ்சி இதைக் கண்ணால் கண்டவர். 1832 செப்டம்பர் 1 அன்று அவரும் வேறு அறுவரும், எவ்வகை மதுவும் தொடுவதில்லை என்று ஒப்பமிட்டனர். அளவுக் கொள்கையின் தோல்வியைப் பார்த்த பிறகு பிறந்த முடிவு அது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1838 ஏப்ரல் 10 அன்று அயர்லாந்தின் கார்க் நகரில் தந்தை தியோபால்ட் மாத்யூ முழு விலகல் ஏட்டில் கையொப்பமிட்டார். கப்புச்சின் சபைக் குருவாகிய அவரை இப்பணிக்கு இழுத்து வந்தவர் வில்லியம் மார்ட்டின் என்னும் குவேக்கர் சபையினர் என்பதை நம்மவர் பலர் அறியார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் அவர் முன் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்தனர். நாட்டில் விற்ற விஸ்கியின் அளவு பாதியளவுக்கு வீழ்ந்தது. ஆயினும் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சமும் அதைத் தொடர்ந்த சிதறலும் அவ்வியக்கத்தைக் கரைத்துவிட்டன. திரளாக நின்று ஒரு நாளில் கொடுத்த வாக்கு, தனியாக நிற்கும் நாளில் துணைக்கு வரவில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

அந்த அயர்லாந்திலேயே தோன்றியவர் மாட் டால்பட். 1856இல் டப்ளினில் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் மதுவைத் தொட்டு, குடிக்காகக் காலணியையும் அடகு வைத்த கூலித் தொழிலாளி அவர். 1884இல், தம் 28ஆம் வயதில், குருவானவர் ஒருவரிடம் சென்று குடியை விட வாக்குத் தந்தார். எத்தனை காலத்துக்கு? வாழ்நாள் முழுவதற்கும் அன்று, மூன்றே மாதத்துக்கு. அது முடிந்ததும் மீண்டும் சில மாதங்கள். அதன் பின்னரே வாழ்நாள் வாக்கு. மதுக்கடைக்குள் நுழைய இயலாதபடி கையில் காசு வைத்துக்கொள்வதையே தவிர்த்தார் என்பர். 1925 ஜூன் 7 அன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவர் மீண்டும் குடிக்கவில்லை. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவருடைய கடுந்தவத்தைப் பற்றி எழுதியவர் பலர். எனக்கோ அந்த மூன்று மாதம்தான் பெரிதாகப் படுகிறது. தாங்க முடியாத சுமையை டால்பட்டும் குறைத்துக்கொண்டார். ஆனால் குறைத்தது காலத்தை, மதுவின் அளவையன்று. மூன்று மாதத்துக்கு ஒரு துளியும் இல்லை என்பது வேறு. வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிது என்பது வேறு.

இவ்வழியே பின்னர் மேலும் சிறிதாக நறுக்கப்பட்டது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயர் இருவரின் சந்திப்பிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. இருவரும் அளவாய்க் குடிக்கப் பல்லாண்டு முயன்று தோற்றவர்கள். அவருள் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகிய ஜூன் 10 அதன் பிறந்த நாளாக எண்ணப்படுகிறது. இவ்வியக்கத்தார் மூன்று மாதமும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் என்கின்றனர். அந்நாளில் குடிநோயரை உள்ளே சேர்க்க மருத்துவமனைகள் தயங்கின. ஆக்ரன் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, 1939 ஆகஸ்டு மாதத்தில் முதல் குடிநோயரை வேறு நோய்ப்பெயரில் உள்ளே சேர்த்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் வடஆர்க்காட்டில் கடைகள் மூடப்பட்டன. ஒரே ஆண்டில் ஓரிடத்தில் கடைக்குப் பூட்டு. மற்றோரிடத்தில் நோயாளிக்குக் கட்டில். 1957இல் அவ்வியக்கம் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. பங்குக் கோவில் அறைகளில் அதன் கூட்டங்கள் நடப்பதை நம் வாசகருள் சிலர் கண்டிருக்கலாம்.

‘இவையெல்லாம் பக்தியும் அனுபவமும்; அறிவியல் என்ன சொல்கிறது?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1962இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டி. எல். டேவிஸ், சிகிச்சை பெற்ற 93 குடிநோயருள் எழுவர் இயல்பான அளவுக் குடிக்குத் திரும்பி நலமாயிருப்பதாக எழுதினார். மருத்துவ உலகம் அதிர்ந்தது. அந்த எழுவரையும் பல்லாண்டு கழித்துத் தேடிச் சென்ற கிரிஃபித் எட்வர்ட்ஸ் 1985இல் தந்த விவரம் வேறு: ஐவர் பின்னர் குடியால் மீண்டும் கடுந்துன்பம் அடைந்திருந்தனர்; இருவரே தொல்லையின்றி இருந்தனர்.

இதற்கிடையே 1970இல் கலிஃபோர்னியாவில் மார்க் சோபெல், லிண்டா சோபெல் தம்பதியர் 20 குடிநோயருக்கு அளவாய்க் குடிக்கப் பயிற்சி தந்து, நற்பலன் கண்டதாக அறிவித்தனர். 1982இல் மேரி பென்டரியும் அவர் துணைவரும் அதே மனிதரைத் தேடியபோது, நால்வர் குடியால் இறந்திருந்தனர். எண்மர் அளவின்றிக் குடித்துக்கொண்டிருந்தனர். அறுவர் முழுவதுமாக விட்டிருந்தனர். அளவோடு நின்றவர் ஒருவரே. ஒருவரைக் காணக் கிடைக்கவில்லை. நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சோபெல் தம்பதியர் மோசடி செய்யவில்லை என்று அவர்களை விசாரித்த குழு முடிவு கூறிற்று. ‘முழுவதும் விடு’ என்ற இலக்கோடு ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட குழுவினரின் நிலையும் மேம்பட்டதாக இல்லை. விடுவது எளிது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அளவுப் பயிற்சி பெற்ற இருபதின்மருள் தப்பியோரைப் பாருங்கள்: தாமாகவே முழு விலகலைத் தேடிக்கொண்ட அறுவரே அவருள் மிகுதி.

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவுக்குக் குடித்தும் முற்றாக அடிமைப்படாத ஆண்களுக்குப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே அறிவுரை கூறும் முயற்சி ஒன்றின் பலன் 2017இல் வெளியாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அறிவுரை பெற்றோருள் 42 விழுக்காட்டினர் முந்திய இரு வாரங்களில் குடிக்கவே இல்லை. பெறாதோருள் அது 18 விழுக்காடு. ஆனால் தொடர்ந்து குடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், குடித்த அளவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. நன்மை வந்தது நிறுத்தியவர்களின் வழியாகவே. இன்னும் அடிமைப்படாதவரிடத்திலேயே நிலை இதுவென்றால், அடிமைப்பட்டு மீண்டவரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் மன வலிமைக் குறைவு என்று நம் குடும்பங்களில் பேசுவது வழக்கம். நான் அதை ஏற்பதற்கில்லை. இரண்டு குவளையோடு போதும் என்று முடிவு செய்ய வேண்டியது மூளையின் எந்தப் பகுதியோ, அதையே முதல் குவளை மழுங்கச் செய்கிறது. சந்தையில் தராசைப் பிடித்திருப்பவனுக்கே முதலில் மயக்கம் கொடுத்துவிட்டு நிறையைச் சரியாகச் சொல் என்பது போன்றது அது. மேலும், பல்லாண்டு குடித்த மூளை சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. உறக்கம் சீராகவே மாதங்கள் ஆகும். அந்நாள்களில் ஒவ்வொரு மாலையும் ‘இன்று உண்டா, எவ்வளவு?’ என்று கணக்கிடுவதே ஒரு வேலையாகிவிடும். இல்லை என்று ஒருமுறை முடிந்துவிட்டால் அந்தப் பேரம் ஓய்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளை இவ்விடத்தில் வைக்காமல் செல்வது பிழை. ஒன்று, குடிப்போர் எல்லாரும் குடிநோயர் அல்லர். 2019இல் வெளியான அரசின் நாடளாவிய கணக்கெடுப்பின்படி, 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 2.9 கோடி. ஏனையோர் குறைத்துக்கொண்டாலும் அது நன்மையே, குறைவே பாதுகாப்பு ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் நினைவூட்டியபோதிலும். மற்றொன்று உயிர் பற்றியது. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் கண்டு இறக்கவும் கூடும். வீட்டில் அடைத்து வைத்து ‘விடவைப்பது’ ஆபத்து. முழுமையாக விடுவதையும் மருத்துவர் கண்காணிப்பிலேயே தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வழியை நிலைநாட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் 1979இல் கணவரை இழந்தவர், அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் சென்னையில் அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் அந்நிறுவனம் நடத்திய முகாம்கள் எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகின்றன. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல், ஊருக்குள்ளேயே இரண்டு வாரம் போலத் தங்கவைத்து, மனைவியரையும் ஊர்ப் பெரியோரையும் உடன் சேர்த்து, பின்னரும் தொடர்ந்து பார்க்கும் முறை அது. இலக்கு முழு விலகல்தான்.

நம் வீட்டார் எழுப்பும் தயக்கம் ஒன்று எஞ்சுகிறது: ‘கல்யாணத்தில் ஒரு வாய் மறுத்தால் உறவு என்ன நினைக்கும்?’ திருச்சபை இதைவிட உயர்ந்த இடத்தில் இத்தயக்கத்தைச் சந்தித்திருக்கிறது. திருப்பலியில் இரசம் அருந்தாமல் குருவானவர் இருக்க முடியாது. குடிநோயிலிருந்து மீண்ட குரு என்ன செய்வார்? மறைமாவட்டத் தலைவர் இசைவோடு ‘மஸ்டும்’ என்னும் புதுத் திராட்சைச் சாற்றை, நொதிப்பு நிறுத்தப்பட்டு ஏறத்தாழச் சாராயமற்ற நிலையில், அவர் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1995இல் நெறி வகுத்து, 2003இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. பீடத்தின் மீதுள்ள அச்சிறு மிடறைக்கூட அவருக்கு ஆபத்தாக எண்ணி மாற்று வழி தேடினார்கள். பந்தியில் அமர்ந்த மாமன் மச்சான் ‘ஒரு கட்டிங்தானே’ என்று வற்புறுத்துவதை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

அதே கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோருள் எவ்வகைச் சிகிச்சையேனும் பெற்றதாகக் கூறியவர் 38 பேருக்கு ஒருவரே. ஒடுகத்தூர்ப் பகுதிக்கு அருகில் வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. பீஞ்சமந்தையிலிருந்து ஒருவர் மலையிறங்கி, ஒடுகத்தூரில் பேருந்து ஏறி அங்குச் செல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையாயின், சந்தையைக் கடந்துதான் போக வேண்டும்.